பிரபு வீட்டுக் குதிரை லாயம்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகச் செல்லும் மலைப்பாதை, பாம்பாடும் சோலைக் காட்டைக் கடந்ததும் ஒரு பெரிய பள்ளத்தாக்கின் விளிம்பில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. கீழே படிக்கட்டுகள் போல் இறங்கும் வயல்கள். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு என ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு பசுமை. இதுவே வட்டவடை. ஆட்சி முறையில் இது கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் கடைத்தெருவில் காதில் விழும் மொழியோ தமிழ். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று இவ்வூர்ப் பெரியவர்கள் கூறுவர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆகவே பிற மாநிலத்தில் வாழும் தமிழர் என்று நம்மை நாம் கூறிக்கொள்ளும்போது, வட்டவடைக்காரரையும் அவ்வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

நேயர்களே! இவ்வூரின் ஒரு தேநீர்க் கடையில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன் நான். விடுமுறையில் உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஆண்டு 2024. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேல்சபையில் பரம்பரைப் பிரபுக்களாக எஞ்சியிருந்தவர்களையும் நீக்குவதற்கு மசோதா வந்துள்ளது என்ற செய்தி வானொலியில் ஒலித்தது. கடையில் இருந்த முதியவர் ஒருவர், பூண்டு பயிரிடும் விவசாயி, என் பக்கம் திரும்பினார்.

“ஏன் தம்பி, பரம்பரைப் பிரபுன்னா என்ன? நம்ம ஊர் ஜமீன்தார் மாதிரியா?”

விளக்க முயன்றேன். எடுத்துக்காட்டு வேண்டுமென்று, பந்தயக் குதிரைகளைப் பழக்கும் தொழிலையே குலத்தொழில் போலச் செய்துவந்த ஓர் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் வியப்புத் தோன்றியது.

“பிரபுவாப் பொறந்தவரு எதுக்கு விடியக்காலம் எந்திரிச்சுக் குதிரைக் காலைத் தடவிப் பாக்கணும்?”

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை கூறப் புகுந்தால் பிறப்பால் வருவது எது, பயிற்சியால் வருவது எது என்னும் பெரிய வினாவில் போய் முடிகிறது. அன்று கடையில் பாதி சொன்னதை இங்கே முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘பியர்’ என்று வழங்கும் சொல்லைத் தமிழில் ‘பிரபு’ என்கிறோம். வேடிக்கை என்னவெனில், அச்சொல்லின் வேர்ப்பொருள் ‘சமமானவர்’ என்பதே. பிரபுக்கள் தமக்குள் ஒருவருக்கொருவர் சமமானவர் என்ற கருத்தில் அது பிறந்தது. ஏனையோர்க்குச் சமமானவர் என்ற கருத்திலன்று. இவர்களுக்குள் ஐந்து படிகள் உண்டு. டியூக், மார்க்குவெஸ், ஏர்ல், வைக்கவுன்ட், பாரன் என்பன அவை. பட்டம் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மூத்த மகனுக்குச் செல்லும். மகன் இல்லையேல், ஆண் வழியில் அடுத்து நிற்கும் உறவினரைத் தேடிச் செல்லும். இளைய மகன்களுக்குப் பட்டமில்லை. பழைய பெரும் பட்டங்கள் மிகப் பலவற்றில் மகள்களுக்கு இடமே இல்லை. 1999ஆம் ஆண்டு வரை இத்தகைய பரம்பரைப் பிரபுக்கள் 700 பேருக்கு மேல், பிறந்த காரணம் ஒன்றினாலேயே, சட்டம் இயற்றும் மேல்சபையில் அமரும் உரிமை பெற்றிருந்தனர். அவ்வாண்டின் சட்டம் 92 இடங்களை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நீக்கியது. அந்த மீதிக்கும் முடிவு காணும் மசோதாவைப் பற்றியே அன்று வானொலி பேசிற்று.

இனி அக்குடும்பத்தின் கதை. ஹண்டிங்டன் ஏர்ல் என்னும் பட்டம் 1529இல் ஜார்ஜ் ஹேஸ்டிங்ஸ் என்பவர்க்கு வழங்கப்பட்டது. செல்வரைக் கொள்ளையடித்து ஏழைக்கு ஈந்தவனாக ஆங்கில நாட்டுக் கதைகள் பாடும் ராபின் ஹூட், ஹண்டிங்டன் பிரபுவே என்று ஒரு பழங்கதை உண்டு. வரலாற்றுச் சான்று இல்லாவிடினும், இக்குடும்பத்து ஆண் மக்கள் பலருக்கு ‘ராபின் ஹூட்’ என்பது பெயரின் ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்குடும்பத்தில் இரு சகோதரரைக் காண்கிறோம். மூத்தவர் வார்னர் ஹேஸ்டிங்ஸ். பட்டம் அவரைச் சேர்ந்தது. அவர் 15ஆவது ஏர்ல். இளையவர் ஆப்ரி ஹேஸ்டிங்ஸ், 1878இல் பிறந்தவர். பட்டம் தமக்கு வாராது என்பதை அறிந்த இளைய மகன் என்ன செய்வது? படையில் சேர்வது, சமயப் பணி மேற்கொள்வது, தொழில் கற்பது என்பன வழக்கமான வழிகள். ஆப்ரி குதிரையைத் தேர்ந்தார். வில்ட்ஷயர் மாவட்டத்து ரௌட்டன் என்னும் ஊரில் லாயம் அமைத்துப் பந்தயக் குதிரைகளைப் பழக்கினார்.

இங்கிலாந்தில் கிராண்ட் நேஷனல் என்றொரு பந்தயம் உண்டு. நான்கு மைலுக்கு மேற்பட்ட ஓட்டத்தில் முப்பது தடைகளைத் தாண்ட வேண்டும். புறப்படும் குதிரைகளில் பல கோட்டை எட்டுவதே இல்லை. 1906இல் ஆப்ரி ஹேஸ்டிங்ஸ் தாமே பழக்கிய அசெட்டிக்ஸ் சில்வர் என்னும் குதிரையின் மீது தாமே அமர்ந்து ஓட்டி அப்பந்தயத்தை வென்றார். பின்னர் 1915இலும் 1924இலும் அவர் லாயத்துக் குதிரைகள் அதே பந்தயத்தில் வெற்றி பெற்றன. பட்டம் பெற்ற அண்ணனைக் காட்டிலும் பட்டமில்லாத தம்பியின் பெயரே பந்தய உலகில் நிலைத்தது.

1929இல் ஆப்ரி மறைந்தார். அவர் மகன் பீட்டர் அப்போது சிறுவன். தந்தை பிரபு என்றால், அவர் கண்மூடிய கணத்திலேயே பட்டம் குழந்தையின் தலையிலும் ஏறிவிடும். தொட்டிலில் கிடக்கும் மகவும் ஏர்ல் ஆகலாம். ஆனால் லாயத்தின் வித்தை அப்படி ஏறுவதில்லை. ஆகவே ஆப்ரியின் உதவியாளராக இருந்து தொழில் கற்ற ஐவர் ஆன்டனி என்பவர் அந்த லாயத்தை ஏற்றார். ஏற்றது மட்டுமன்று, 1933இலும் 1937இலும் கிராண்ட் நேஷனல் வெற்றிகளை அதே லாயத்திற்குத் தேடித் தந்தார். இரத்த உறவு சிறிதுமில்லாத மாணவரிடம் ஆசிரியரின் வித்தை போய்ச் சேர்ந்தது.

பீட்டர் வளர்ந்து, போர் முடிந்தபின் தாமும் பயிற்சியாளரானார். உறவினர் ஒருவரின் சொத்தைப் பெறுவதையொட்டிப் பெயருடன் ‘பாஸ்’ என்பதையும் சேர்த்து ஹேஸ்டிங்ஸ்-பாஸ் ஆனார். 1953இல் ஹாம்ப்ஷயர் மாவட்டத்துக் கிங்ஸ்கிளியர் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அது புகழ்பெற்ற பழைய லாயம். ஜான் போர்ட்டர் என்பவர் அங்கே பழக்கிய ஆர்மண்ட் என்னும் குதிரை 1886இல் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒருசேர வென்றது. அத்தகைய இடத்தில் பீட்டர் நல்ல பெயர் எடுத்தார். ஆனால் 1964இல், 43ஆம் வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. மகன் வில்லியமுக்கு அப்போது வயது பதினாறு. தந்தைக்கு நேர்ந்ததே மகனுக்கும் நேர்ந்தது: வித்தையைக் கையில் வாங்கும் முன்பே தந்தை போய்விட்டார்.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் வேண்டும். பீட்டரின் மனைவி பிரிசில்லா குதிரைகளை அறிந்தவர். லாயத்தை அவரே நடத்தியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அக்காலத்தில் பந்தயங்களை ஆண்டுவந்த ஜாக்கி கிளப், பெண்களுக்குப் பயிற்சியாளர் உரிமம் வழங்குவதில்லை. குதிரையைப் பழக்குபவர் பெண். உரிமமோ லாயத்துத் தலைமைப் பணியாளரான ஓர் ஆணின் பெயரில். இத்தகைய நாடகம் நெடுங்காலம் நடந்துவந்தது. ஃபுளோரன்ஸ் நேகல் என்னும் மூதாட்டி நீதிமன்றம் சென்று வழக்காடிய பின்னரே, 1966இல் கதவு திறந்தது. கிங்ஸ்கிளியருக்கு அது இரண்டாண்டு பிந்திய நீதி. 1977இல் ஜாக்கி கிளப் தன் உறுப்பினராக முதன்முதல் ஏற்ற மூன்று பெண்களுள் பிரிசில்லாவும் ஒருவர் என்பது பிற்காலக் கதை.

1964இல் உரிமம், பீட்டரின் உதவியாளராகச் சேர்ந்திருந்த இயன் பால்டிங் என்னும் இருபத்தைந்து வயது இளைஞருக்குச் சென்றது. 1969இல் அவர் பீட்டரின் மகள் எம்மாவை மணந்தார். முதலில் மாணவர், பிறகு மருமகன்! 1971இல் அவர் பழக்கிய மில் ரீஃப் என்னும் குதிரை, இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தையும், பாரிஸ் நகரின் ஆர்க் பந்தயத்தையும் ஒரே ஆண்டில் வென்றது. 2003இல் எம்மாவின் மகன் ஆண்ட்ரு பால்டிங் லாயத்தின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டே ஓக்ஸ் பந்தயத்தில் அவர் லாயத்துக் குதிரை வென்றது. எம்மாவின் மகள் கிளேர் பால்டிங், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் குரல் கொடுக்கும் புகழ்பெற்ற ஒலிபரப்பாளரானார். பட்டம் எந்த மகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையோ, அந்த மகளின் வீட்டில்தான் லாயம் நிலைத்தது.

மகன் வில்லியம் என்ன ஆனார்? வீட்டு லாயம் மைத்துனர் கையில் சிறப்பாக நடந்துகொண்டிருந்தது. ஆகவே அவர் பிறரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்று, 1976இல் நியூமார்க்கெட் நகரில் தம் பெயரில் லாயம் தொடங்கினார். பின்னர் எலிசபெத் அரசியாருக்குச் சொந்தமான வெஸ்ட் இல்ஸ்லி லாயத்தில் அரசியாரின் குதிரைகளைப் பழக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

அது இனிதாக வந்த பொறுப்பன்று. அதற்கு முன் அங்கிருந்தவர் டிக் ஹெர்ன் என்னும் மூத்த பயிற்சியாளர். 1984இல் குதிரையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழில் நடத்தியவர். அவருடைய குத்தகை நீட்டிக்கப்படாது என்று 1989இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் பழக்கிய நாஷ்வான் டெர்பியை வென்றது. பந்தய உலகமே கொதித்தது. அரசியாரையும் குறை கூறத் துணிந்தனர். முடிவில், 1990ஆம் ஆண்டு முழுவதும் ஹெர்னும் வில்லியமும் லாயத்தைப் பகிர்ந்துகொள்வது என்று ஏற்பாடாயிற்று. பிறர் அனுதாபம் முழுவதும் முன்னவர் பக்கம் நிற்கையில் அவ்விடத்தில் அமர்வது எவ்வளவு கடினம் என்பதை அலுவலகத்தில் பணி செய்வோர் நன்கு உணர்வர். அங்கே ஒருவர் தம்மை நிலைநாட்டிக்கொள்ளும் வழி ஒன்றே: குதிரை வெல்ல வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்டில்தான் பட்டம் வந்தது. 16ஆவது ஏர்ல் மறைந்தார். அவர் வார்னரின் மகன். ஆப்ரியின் அண்ணன் மகன். வில்லியமுக்கு அவர் என்ன முறை என்பதை ஆங்கிலத்தில் கூற ஐந்தாறு சொற்கள் வேண்டும். கேட்பவர் விரல்விட்டு எண்ணிப் பார்க்கவும் வேண்டும். தமிழில் ஒரே சொல்: பெரியப்பா. மொழிபெயர்ப்பாளன் மகிழும் இடங்கள் சில உண்டு. இது அவற்றுள் ஒன்று.

அந்தப் பெரியப்பாவும் விந்தையான மனிதரே. மெக்சிகோ நாட்டின் புகழ்மிக்க ஓவியர் தீகோ ரிவேராவிடம் சுவரோவியம் கற்றவர். லண்டனில் உள்ள மார்க்ஸ் நினைவு நூலகத்துச் சுவரில் தொழிலாளர் எழுச்சியை ஓவியமாகத் தீட்டியவர். 1945 முதல் 1950 வரை தொழிற்கட்சி அரசில் விவசாயத் துறையில் துணைப் பொறுப்பு வகித்தவர். அவர்க்கு மகள்கள் இருந்தனர்; மகன் இல்லை. ஆகவே ஓவியர் அணிந்திருந்த பட்டம், அவர் மகள்களைத் தாண்டி, குதிரை லாயத்தில் நின்ற தம்பி மகனைத் தேடி வந்தது. நாற்பத்திரண்டாம் வயதில் வில்லியம் ஹேஸ்டிங்ஸ்-பாஸ் 17ஆவது ஹண்டிங்டன் ஏர்ல் ஆனார்.

பட்டம் வந்ததனால் லாயத்தில் என்ன மாறிற்று? இங்கே முதியவரின் கேள்விக்கு வருகிறோம். பந்தயக் குதிரையைப் பழக்குவது எப்படி என்பதைச் சற்று அறிந்துகொண்டால் விடை தானே விளங்கும்.

பந்தயத்தில் ஓடும் உயர்சாதிக் குதிரைகள் யாவும், தந்தை வழியில், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கீழ்த்திசையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற மூன்று ஆண் குதிரைகளுள் ஒன்றன் வழிவந்தவை. அவற்றின் வம்சாவளியைப் பதியும் ஏடு 1791இல் தொடங்கப்பட்டது. அதில் தாயின் பெயரும் தாய்வழியும் தவறாமல் இடம்பெறும். பிரபுக்களின் வாரிசு முறையில் இல்லாத நேர்மை இது எனலாம். ஆனால் ஏட்டில் எத்துணை உயர்ந்த பெயர் இருப்பினும், குட்டி ஓடுமா ஓடாதா என்பதை ஏடு கூறாது. உடன்பிறந்த இரு குதிரைகளுள் ஒன்று டெர்பியை வெல்லும். மற்றொன்று கடைசியில் வரும்.

ஒன்றரை வயதுக் குட்டி லாயத்திற்கு வருகிறது. கடிவாளத்தைப் பல் ஏற்க வேண்டும். சேணத்தை முதுகு ஏற்க வேண்டும். மனிதனை மனம் ஏற்க வேண்டும். அவசரப்பட்டால் ஆயுள் முழுவதும் அச்சம் நிற்கும். பிறகு நாள்தோறும் விடியலில் புல்வெளி ஓட்டம். எலும்பு முற்றாத காலில் இன்று ஒரு பர்லாங்கு மிகுதியாக ஓடவிட்டால் நாளை நொண்டும்; குறைவாக ஓடவிட்டால் பந்தய நாளில் மூச்சு வாங்கும். காலையில் பயிற்சியாளர் லாயம் லாயமாகச் சென்று ஒவ்வொரு காலையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது, எங்கேனும் சிறிது சூடு தெரிகிறதா என்று அறியவே. நரம்பு கண்ணுக்கு வீங்கித் தோன்றும் முன்னரே கைக்குச் சூடு தட்டிவிடும். எந்தக் குதிரை ஓட்ஸை மிச்சம் வைத்தது, எது இரவில் படுக்கவில்லை, எது லாடம் தேய்ந்தும் காட்டிக்கொள்ளாமல் நிற்கிறது என்பதெல்லாம் அவர் அறிந்திருக்க வேண்டும். அதன்மேல் எந்தப் பந்தயம், எவ்வளவு தூரம், ஈரத் தரையா காய்ந்த தரையா என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும் பிறப்புச் சான்றிதழில் எழுதி வருவதன்று. ஆகவே பிரபுவும் விடியலில் எழுந்தே தீர வேண்டும். வில்லியம் எழுந்தார். ஆஸ்காட் தங்கக் கோப்பைப் பந்தயம் இரண்டரை மைல் நீளமுடையது. பொறுமையும் மூச்சும் உடைய குதிரைக்கே உரியது. அதனை 1991இல் அவர் பழக்கிய ‘இந்தியன் குவீன்’ வென்றது. 1992இலும் 1993இலும் ‘டிரம் டாப்ஸ்’ வென்றது. மூன்று ஆண்டு, மூன்று கோப்பை. அரசியாரின் ‘ஃபான்டம் கோல்ட்’ 1995இல் ஆஸ்காட்டில் வெற்றி பெற்றது. 1998இல், ஐம்பதாம் வயதில், அவர் பயிற்சித் தொழிலிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே சட்டம் மாறி, மேல்சபையில் அக்குடும்பத்துக்கிருந்த பரம்பரை இருக்கையும் முடிவுற்றது. இருக்கை போனது ஒரு வாக்கெடுப்பில். மூன்று கோப்பைகளை எந்த வாக்கெடுப்பும் திரும்பப் பெற இயலாது.

இக்கதை நமக்கு அயலானதன்று. நம் நாட்டிலும் பட்டமும் பந்தயமும் கைகோத்து நடந்த காலமுண்டு. 1934இல் ராஜபிப்ளா மகாராஜாவின் ‘வின்ட்ஸர் லாட்’ இங்கிலாந்தின் டெர்பியை வென்றது. பரோடா மன்னர் பிரதாப்சிங் 1945இல் 28,000 கினி கொடுத்து ஒரு குட்டியை வாங்கித் தம் பாட்டனார் சயாஜிராவின் பெயரை அதற்கு இட்டார்; அது 1947இல் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றது. ஆனால் அம்மன்னர்கள் உரிமையாளர்களே. காலைத் தடவிப் பார்த்த கை ஆங்கிலப் பயிற்சியாளருடையது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய சான்று செட்டிநாட்டு அரசர் குடும்பம். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929இல் ‘ராஜா’ என்னும் பரம்பரைப் பட்டத்தைப் பிரிட்டிஷ் அரசு வழங்கிற்று. அவர்க்குப் பின் மகன் முத்தையாச் செட்டியார்; அவர்க்குப் பின் எம்.ஏ.எம். இராமசாமி. 1931இல் பிறந்து 2015இல் மறைந்த இராமசாமி, கிண்டிப் பந்தயத் திடலோடு பிரிக்க முடியாத பெயரானார். சென்னைப் பந்தய மன்றத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். நாட்டின் பெரும் பந்தயங்களை நூற்றுக்கணக்கில் வென்ற உரிமையாளராகப் புகழ்பெற்றார். ஆனால் அவர் காலத்தில் பட்டத்திற்குச் சட்டத்தின் துணை இல்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு, படைத்துறை அல்லது கல்வித் தகுதியைக் குறிப்பன தவிர வேறு பட்டங்களை அரசு வழங்குதல் ஆகாது என்று விதித்தது. விலக்களிக்கப்பட்ட இரண்டையும் நோக்குங்கள். இரண்டும் உழைத்துப் பெறுவன. 1971இல் 26ஆவது திருத்தம் முன்னாள் மன்னர்களுக்கிருந்த அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கியது. எனினும் மக்கள் நாவில் ‘செட்டிநாட்டு ராஜா’ என்பது வழக்காகத் தொடர்ந்தது.

பிறப்பா திறமையா என்ற வினாவைப் பட்டத்தைப் பொறுத்தவரை அரசியலமைப்பு தீர்த்தது. குதிரையைப் பொறுத்தவரை அதை ஒத்த வினா ஒன்றை உச்ச நீதிமன்றம் தீர்க்க நேர்ந்தது. பந்தயத்தில் பணம் வைத்துக் குடும்பங்கள் அழிவதைக் கண்ட தமிழ்நாட்டு அரசு, 1974இல் குதிரைப் பந்தயத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றிற்று. 1986இல் சென்னைப் பந்தய மன்றத்தை ஏற்கவும் சட்டம் செய்தது. வழக்கு நீண்டது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது: குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டத்தால் நடப்பதன்று, குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஓட்டுபவரின் ஆற்றல் ஆகிய திறமைகளே அங்கு மேலோங்கி நிற்கின்றன. இத்தீர்ப்பைப் படித்துப் பணம் வைக்கப் புறப்படுவோர்க்கு ஓர் எச்சரிக்கை: அத்திறமை குதிரைக்கும் பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் உரியது. மைதானத்தின் ஓரத்தில் சீட்டை வைத்துக்கொண்டு நிற்பவரின் வீட்டு அடுப்பு எரியுமா என்பதற்கு எத்தீர்ப்பும் பொறுப்பேற்பதில்லை. 2024 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு குத்தகையை ரத்துச் செய்து, கிண்டித் திடலின் 160 ஏக்கர் நிலத்தைத் தன் வசம் எடுத்தது. பட்டம், மன்றம், நிலம் ஆகிய ஒவ்வொன்றும் சட்டத்தால் வந்தது, சட்டத்தால் போகக்கூடியது.

இவ்வளவையும் அன்று தேநீர்க் கடையில் நான் சொல்லவில்லை. ஆனால் சொன்ன அளவிலேயே முதியவர் கருத்தைப் பிடித்துக்கொண்டார். மடியிலிருந்து ஒரு பூண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மலைக்கு அப்பால் கொடைக்கானல் பூண்டுக்கு 2019இலேயே கிடைத்தது. இதுவும் ஒரு பட்டந்தான். ஆயின் இது ஒரு குடும்பத்திற்கு உரியதன்று. அம்மண்ணில் முறையாகப் பயிரிடுவோர் அனைவர்க்கும் பொது. மகன் என்பதற்காக வருவதுமில்லை, மகள் என்பதற்காக மறுக்கப்படுவதுமில்லை.

“வெதப் பூண்டு நல்ல வெததான் தம்பி. மண்ணும் அப்பன் பாட்டன் மண்ணுதான். ஒரு பருவம் களை எடுக்காம விட்டுட்டுப் பாருங்க. புல்லுதான் வெளையும்” என்றார்.

பின்பு, நான் எதிர்பாராத விதமாக, “உங்க பிள்ளைங்க தமிழ் எழுதுமா?” என்று கேட்டார்.

எனக்கு ஒரு மகள். அவளுக்கு இட்ட பெயர் தூய தமிழ்ப் பெயர். வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் அவள் பாட்டிக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால், அவள் சொல்ல நான் எழுதுவேன். நாளெல்லாம் பிறர் சொற்களைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்டவன், தன் வீட்டில் அதைச் செய்யவில்லை. நான் தமிழன், ஆகவே என் மகளும் தமிழறிவாள் என்று, ஏர்ல் பட்டம் போல அதுவும் தானே இறங்கிவிடும் என்று இருந்துவிட்டேன். முதியவர்க்கு மறுமொழி கூற இயலவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, தேநீருக்கு உரிய காசைக் கொடுக்க என்னை விடவுமில்லை.

நேயர்களே! மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம்மில் பலரின் நிலை இதுவே. பெயரையும் ஊரையும் குலதெய்வத்தையும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்கிறோம். அவை இரத்தத்தோடு செல்வன. எழுத்தும் படிப்பும் அப்படிச் செல்வதில்லை. ஆப்ரியின் மகனுக்கும் பீட்டரின் மகனுக்கும் தந்தையின் வித்தை தானாக வரவில்லை. பிறரிடம் நின்று, விடியலில் எழுந்து, கற்றே பெற்றார்கள். பெற்றோரிடம் நேரமில்லாவிடில் ஓர் உதவியாளர், ஓர் அத்தை, ஊர்ச் சங்கத்து மாலை வகுப்பு ஆசிரியர் எவரிடமேனும் அது போய்ச் சேரட்டும். அங்கிருந்து பிள்ளைகளிடம் வரட்டும்.

வட்டவடையிலிருந்து திரும்பிய பின், நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் என் மகளும் நானும் ஒரே மேசையில் அமர்கிறோம். முதலில் அவள் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றன. ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. சென்ற மாதம் அவள் பாட்டிக்கு ஒரு கடிதம் போயிற்று. பதினோரு வரி, ஆறு பிழை. அவற்றை நான் திருத்தவில்லை. பாட்டியிடமிருந்து வந்த பதிலில் அப்பிழைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த கடிதம் எப்போது என்று மட்டும் கேட்டிருந்தார்.